மேல்மூட்டை

மார்ச் 3, திங்கள்

இன்று காலைக் கூட்டத்தில் நான் ஒருவன் மட்டும் கை தட்டிவிட்டேன்.

எங்கள் ஆறு மணிக் கூட்டம் கை தட்டுகிற கூட்டம் இல்லை. எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் நாற்பது பேர் ஹெல்மெட்டோடு வட்டமாக நிற்போம். இன்றைக்கு எத்தனை மீட்டர் இறங்க வேண்டும், நேற்று யார் கையுறை இல்லாமல் சுற்றினார்கள் என்று படிப்பார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே கலைந்து போவோம். இன்று தள அதிகாரி ஞானசிகாமணி சார், பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி, "இவங்க இலக்கியா. பாறைக்குள்ள அழுத்தம் எங்க ஆரம்பிக்குதுன்னு முன்கூட்டியே கணிச்சுச் சொல்ல வந்திருக்காங்க" என்றார். என் கைகள் என்னைக் கேட்கவில்லை. நாலு தட்டு. நாற்பது ஹெல்மெட்டும் என் பக்கம் திரும்பின.

"கொசு சார்" என்றேன்.

"நாலு தடவையும் தப்பிச்சிருச்சாண்ணே?" என்று கேட்டான் ஒச்சப்பன். என்னோடு சேற்றுத் தொட்டியில் வேலை பார்க்கிறவன். உசிலம்பட்டிக்காரன். அவன் வாயில் விழுந்தால் அன்றைக்கு எழுந்திருக்க முடியாது.

இலக்கியா என் மகள்.

மூன்று நாள் முன்பு போனில் சொன்னாள். "அப்பா, என்னைய நீங்க இருக்குற ரிக்குக்கேதான் அனுப்புறாங்க. தயவுசெஞ்சு யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. சாத்தையா மகள்னு தெரிஞ்சா எல்லாரும் பாசமாச் சிரிப்பாங்க. அப்புறம் நான் சொல்ற நம்பரையும் பாசமாத்தான் பாப்பாங்க. எனக்கு அது வேணாம்." சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் வேறு கம்பெனி, நான் வேறு கம்பெனி. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

சரி, வாயை மூடியாயிற்று. ஆனால் இருபத்து மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டே வேலை பார்த்தவன் திடீரென்று மூடினால் எங்கேயாவது பிதுங்கத்தான் செய்யும். பாதுகாப்பு வார விழாவில் கொடுத்த டைரி பெட்டியில் சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன். நான் பத்தாம் வகுப்பு, கணக்கில் முப்பத்தெட்டு. அவள் எம்.டெக். எழுத்துப் பிழை இருந்தால் டைரி பொறுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு எதிர்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த ரசத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கண்ணே."

என்னைத்தான். ரிக்கில் எல்லாரும் என்னை அண்ணே என்பதால் அவளும் அண்ணே என்கிறாள். "இந்தாங்க மேடம்" என்று தள்ளினேன். ரசம் பாதி மேஜையில். இவளுக்கு எட்டு வயது வரை ரசம் பிசைந்து ஊட்டியது இந்தக் கை.

மானாமதுரைக்குப் போன் போட்டுப் பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். என் மனைவி ஒரு நிமிஷம் மூச்சு விடாமல் சிரித்தாள். "அப்ப அவளுக்கு நான் மதினியா? நல்லாருக்கே! மதினி ஆசையா வாங்கிக் குடுத்த கம்மலைத் தொலைச்சிட்டுத் திரியுறாளே, அது என்னாச்சுன்னு கேளுங்க, நாத்தனாகிட்ட."

எனக்கு இன்று பதவி உயர்வு. சேற்றுக்குப் பொறுப்பான எங்கள் மட் இன்ஜினியர் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு. மாற்று ஆள் வரவில்லை. "சாத்தையா, தராசும் பலகையும் உங்க பொறுப்பு" என்றார் ஞானசிகாமணி சார். சேற்றின் கனத்தை நிறுத்துப் பலகையில் எழுத வேண்டும். இரவு ஷிப்டு ஆள் நிறுப்பதே இல்லை. நான் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதுவான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம்.

மூட்டை 60. மேல்மூட்டை 6. அது போக இன்னொரு 6.

மார்ச் 5, புதன்

இன்று என் மகள் எங்களுக்குப் பாடம் நடத்தினாள்! சந்தோஷத்தில் இடது கால் பூட்சை வலது காலில் போட்டுக்கொண்டு நின்றேன் என்பது பாதியில்தான் தெரிந்தது.

"ஹோட்டல்ல சாம்பார் பார்சல் கட்டிக் குடுப்பாங்கல்ல?" என்று ஆரம்பித்தாள். "அது மேல நாலு இட்லிப் பொட்டலத்தை அடுக்குங்க. இட்லி நசுங்கும். சாம்பார் பாக்கெட் நசுங்குமா?"

"நசுங்காது மேடம்" என்றான் ஒச்சப்பன்.

"ஏன்?"

"நூலு கட்டியிருக்குல்ல. சாம்பார் எங்கிட்டுப் போகும்?"

"அதேதான். வெளிய போக வழியில்லாம, மேல இருக்குற பாரத்தை அந்தச் சாம்பாரே தாங்கி நிக்குது. பூமிக்குள்ளயும் அப்படித்தான். பெரும்பாலான களிமண் பாறை மேல பாரம் ஏற ஏறத் தண்ணியப் பிழிஞ்சு விட்டுட்டு இறுகிரும். சில இடத்துல தண்ணியும் அதோட வாயுவும் அடைபட்டுக்கும். அழுத்தமெல்லாம் அதுகிட்ட இருக்கும். அதுல போயி ஊசி குத்துனா?"

"சட்டையெல்லாம் சாம்பாரு."

"அந்த ஊசிதாண்ணே நம்ம குழாய்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மேலே வருவது சாம்பாராக இருக்காது, வாயுவாக இருக்கும்.

பாக்கெட் எங்கே இருக்கிறது என்று குத்தாமலே எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். (கேட்கும்போது "மேடம்" போட மறக்கவில்லை.) சத்தத்தை வைத்தாம். இரண்டு வருஷம் முன்பு இந்தக் கருவேலங்காட்டில் பெரிய லாரிகள் வந்து தரையைக் குத்திக் குத்தி அதிர வைத்துவிட்டுப் போயின. கீழே போன அதிர்வு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பதிவு இருக்கிறது. இறுகிய பாறையில் சத்தம் ஓடும். தண்ணீர் அடைபட்ட பாறையில் தயங்கும். ஆழம் கூடக் கூட வேகமும் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு கோடு மேலே போய்க்கொண்டே இருக்கிற படத்தைக் காட்டினாள். கோடு ஓரிடத்தில் சறுக்கி இறங்கியது.

"2,610 மீட்டர். அங்க ஆரம்பிக்குது."

அவ்வளவு சின்ன வளைவில் அதைப் பார்த்திருக்கிறாள். எனக்கு வாசலில் நிற்கிற பஸ்ஸின் பெயரே கண்ணாடி இல்லாமல் தெரியாது.

ஞானசிகாமணி சார் தலையை ஆட்டினார். "இந்தப் பக்கம் பதினோரு கிணறு பாத்தவன்மா நான். 2,850-க்கு முன்னாடி ஒரு குமிழி வந்தது கிடையாது."

"அந்தக் கிணறெல்லாம் தெற்கே சார். இங்க வேகம் வேற மாதிரி இருக்கு. சேத்துக் கனம் 1.27-க்கு மேல இருக்கணும், அங்க போறதுக்கு முன்னாடியே."

குழி நிறையச் சேறு நிற்கும். அதன் கனம்தான் கீழே இருப்பதை அமுக்கிப் பிடிக்கிற கை. தண்ணீர் 1 என்றால் இப்போது எங்கள் சேறு 1.24. கனம் குறைந்தால் கீழே இருப்பது மேலே வரும். ரொம்பக் கூடினால் மேல் பாறை பிளந்து சேற்றைக் குடித்துவிடும், வேலையும் மந்தமாகும். கனம் ஏற்ற பேரைட் என்கிற பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். கொட்டுகிறவன் நான்.

கடைசியில் சார் தீர்ப்புச் சொன்னார். "1.24-லயே போவோம். 2,610-ல வாயு காட்டுச்சுன்னா உங்க நம்பர் சரி, கனத்தை ஏத்துவோம். காட்டலைன்னா உங்க நம்பரை மறந்துட்டுச் சேத்தை இளக்கி வேகமாப் போயிருவோம். சரியா?"

அவள் சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். இது அவள் தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் கிணறு. தப்பினால் திரும்பச் சென்னை அலுவலகத்தில் யாரோ போட்ட படத்துக்குக் கலர் அடிக்க வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

மூட்டை 65. மேல்மூட்டை 7. அது போக 8.

மார்ச் 6, வியாழன்

வெயில். மூட்டை 70, மேல் 7, அது போக 11. துவைத்த சட்டையை ஆடு தின்றது.

மார்ச் 7, வெள்ளி

மேல்மூட்டை என்றால் என்ன என்று எழுதிவிடுகிறேன், பின்னால் யாராவது படித்தால் திருடன் என்று நினைக்கக் கூடாது. எந்த மூட்டையும் லாரியில் ஏறி இறங்கிக் கிழிந்து ஒழுகித்தான் வரும். அதனால் சேற்றுத் தொட்டிக்காரர்கள் பத்துக் கொட்டினால் பதினொன்றாவதை எழுதாமல் கொட்டுவோம். நான் சேர்ந்த காலத்திலேயே இருந்த வழக்கம். மட் இன்ஜினியர்களுக்கும் தெரியும்; தெரியாத மாதிரி இருப்பார்கள்.

இந்த மாதம் வந்திருப்பது புது மூட்டை. உள்ளே பிளாஸ்டிக் உறை, ஒரு சிட்டிகை ஒழுகவில்லை. இருந்தாலும் வழக்கத்தை விட முடியுமா?

அவளுடைய கேபின் கிணற்று வாயிலிருந்து முப்பது அடி. யார்தான் அங்கே வைத்தார்களோ. அவளானால் கேபினுக்குள்ளும் உட்காருவதில்லை. கீழேயிருந்து சேற்றோடு வருகிற பாறைத்துகளைச் சல்லடையிலிருந்து அள்ளி மோந்து பார்க்கிறாள். சின்ன வயதில் மண் தின்னாதே என்று அடித்தேன். இப்போது அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மூட்டை 70. மேல் 7. கை தவறி 10.

தராசின் எடையை 1.24-இல் தள்ளி வைத்தால் குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடுகிறது. பழைய தராசு. 1.24 என்று எழுதினேன்.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே மகளிர் என் மகள் என்பதால் முழு விழாவும் அவளுக்கே. ராமநாதபுரத்திலிருந்து கேக் வந்தது. அதில் அவள் பெயரில் ஒரு எழுத்து குறைந்து வந்தது. ஞானசிகாமணி சார் பத்து நிமிஷம் பேசினார். முதல் துண்டை இங்கே இருக்கிறவர்களில் மூத்த தொழிலாளிக்கு ஊட்ட வேண்டும் என்று அவரே ஒரு சம்பிரதாயத்தை உண்டாக்கினார். எல்லாரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"வாயத் திறங்கண்ணே" என்றாள், கண்ணில் சிரிப்பு தளும்ப.

திறந்தேன். ஒச்சப்பன், "அண்ணனுக்குக் கண்ணு கலங்குதுய்யா, கேக்கே பாத்ததில்ல போல" என்றான். வாழட்டும்.

அந்தக் குஷியில் மூட்டை 80, மேல் 8, அது போக 14. குமிழி இன்றைக்கு இன்னும் தள்ளி நிற்கிறது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றித் தராசைச் சரிபார்க்க வேண்டும் என்று விதி. நேரமில்லை. 1.24.

மார்ச் 9, ஞாயிறு

2,560 மீட்டர் தாண்டியாயிற்று. நாளைக்கு அவள் நம்பர்.

அவள் இன்று முழுக்கக் கிணற்று வாயருகிலேயே நின்றாள். ஹெல்மெட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு. நான் பொடி கொட்டுகிற ஹாப்பர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே கொட்டினேன். ஒச்சப்பன், "போதும்ணே, எண்ணிக்கை மறந்துட்டீங்களா?" என்றான். மறந்துவிட்டேன் என்றேன்.

மூட்டை 80. மேல் 8. மற்றது 23.

மார்ச் 10, திங்கள்

காலை பதினொன்று இருபதுக்கு 2,610. வேலை இல்லாதவன்கூட வாயு மானியைப் பார்க்க வந்து நின்றான். முள் 3-இல் இருந்தது.

2,615. 3.

2,620. 3.

சாயங்காலம் 2,640. முள் ஒரு நூல் அசையவில்லை. ஞானசிகாமணி சார் நல்ல மனுஷன், கேலி பண்ணவில்லை. "பரவால்லம்மா, பூமி படிச்சுட்டா வந்திருக்கு?" என்று மட்டும் சொன்னார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் ரசம் என் பக்கம்தான் இருந்தது. அவள் கேட்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? கீழே ஒன்றும் இல்லை. முப்பது அடியில் நிற்பவளுக்கு ஆபத்து இல்லை. தோசை மூன்று எடுத்து ஒன்றுதான் தின்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

நாளைக் காலை ஏழு மணிக்குச் சேற்றில் தண்ணீர் விட்டு இளக்குவதாக உத்தரவு. 1.24-ஐ 1.20 ஆக்க வேண்டும். வேகமாகப் போகலாமாம்.

உத்தரவைச் சொல்லிவிட்டு ஞானசிகாமணி சார் ராமநாதபுரம் மீட்டிங்குக்கு ஜீப்பில் ஏறிவிட்டார். நாளை இளக்குவதற்கு முன் தராசு சுத்தமாக இருக்கட்டும் என்று அரை மணி தேய்த்துக் கழுவினேன். நல்ல தண்ணீர் ஊற்றினேன். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. 1.00. ஒரு மயிரிழை பிசகில்லை.

தராசில் குற்றம் இல்லை.

சேற்றை ஊற்றினேன். 1.29.

அப்படியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் கீழே 1.27 அழுத்தம் இருக்கிறது என்றாள். நான் 1.29-ஐ மேலே ஊற்றி வைத்துக்கொண்டு, பலகையில் 1.24 என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறகு வாயு எப்படிக் காட்டும்? நாளைக்கு விடுகிற தண்ணீரில் இது 1.25 ஆகும். பலகையில் 1.20 என்று எழுதியிருக்கும். கீழே 1.27 நூலை அறுத்துக்கொண்டு நிற்கும். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவனுக்கும் இது புரிகிறது.

சார் போன் எடுக்கவில்லை. ஐந்து தடவை அடித்தேன். இன்றைக்குத் துளையிடுவது இல்லை, சங்கிலி மாற்றுகிறார்கள். சேறு இருந்தபடி இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. காலைக் கூட்டம் ஆறு மணிக்கு, தண்ணீர் ஏழு மணிக்கு. நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது.

அவளிடம் முதலில் சொல்லலாமா என்று கேபின் வரை போனேன். சொன்னால் "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா" என்று நாளைக்கு ஒரு கேள்வி வரும். திரும்பிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

நினைத்தால் சிரிப்பு வருகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

கூட்டத்தில் ஞானசிகாமணி சார் படித்து முடிக்கும் முன்பே, "சார், இளக்க வேணாம். சேறு 1.24 இல்ல சார். 1.29" என்றேன்.

"என்ன சொல்றீங்க சாத்தையா?"

"நான் தப்பா எழுதிட்டேன் சார். ஒரு வாரமா."

மேல்மூட்டை வழக்கத்தைச் சொன்னேன். ஒழுகாத புது மூட்டையைச் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை. "பத்துக்கு ஒண்ணுதானே? அதுல இவ்வளவு ஏறாதே" என்றார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி போட்டேன்.

இலக்கியா முன்னால் வந்துவிட்டாள். முகத்தில் கோபமா வெளிச்சமா தெரியவில்லை. "அண்ணே, எந்த நாள் எத்தனை மூட்டை? நாள்வாரியா வேணும். ஒவ்வொரு ஆழத்துலயும் கனம் என்னன்னு கணக்குப் போடணும்."

"டைரியில இருக்கு மேடம்" என்று வாய் சொல்லிவிட்டது. வாயை அடைக்க எடுத்த டைரி.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். சார் கையை நீட்டினார். "குடுங்க."

"நானே படிக்கிறேன் சார். என் எழுத்து உங்களுக்குப் புரியாது."

மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எண்ணை மட்டும் பொறுக்கிப் படித்தேன். நாலாம் தேதி பன்னிரண்டு. ஐந்தாம் தேதி பதினைந்து. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எட்டாம் தேதி இருபத்திரண்டு என்று படிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் வெற்றிலை வாசனை வந்தது. ஒச்சப்பன்.

"'நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே மகளிர் என் மகள்...'" சத்தமாகப் படித்தான். பிறகு, "யோவ்! என் மகளா?" என்றான்.

டைரியைப் படாரென்று மூடினேன்.

"அப்ப அன்னைக்கு அது கொசு இல்லையா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கூட்டமே வெடித்துச் சிரித்தது. ஞானசிகாமணி சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இப்ப எனக்குக் கஷ்டமா இருக்கு. மகளோட நம்பர் தப்பிப் போச்சு. அடுத்த நாள் அப்பா வந்து சேறு கனம்ங்கறார். என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா சாத்தையா?"

"நம்ப மாட்டேன் சார்" என்றேன். உண்மை அதுதானே.

அப்போது இலக்கியா குரலை உயர்த்தினாள். வீட்டில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டுமே வருகிற குரல். "சார், யார் சொன்னாங்கன்னு ஏன் பாக்கறீங்க? தராசு இங்க இருக்கு. குழி அங்க இருக்கு. ரெண்டுக்கும் அப்பா கிடையாது."

தராசை நடுவில் வைத்தார்கள். சாரே தண்ணீர் ஊற்றினார்: 1.00. சாரே சேறு ஊற்றினார்: 1.29. மூன்று தடவை. மூன்று தடவையும் குமிழி நடுவில் நின்று எங்களைப் பார்த்தது.

"சரி, கனம். அதனால கீழ அழுத்தம் இருக்குன்னு ஆயிருமா?"

"அஞ்சு குழாய் உயரத்துக்கு மேல இழுத்துட்டு இறக்குங்க சார். டாக்டர் ஊசியில பின்கம்பியை இழுத்தா உறிஞ்சுமே, அதுமாதிரி ஒரு நிமிஷம் அடியில அழுத்தம் குறையும். கீழ ஏதாவது இருந்தா எட்டிப் பாக்கும். அந்த அடிச்சேறு மேல வர எழுபது நிமிஷம் ஆகும். ஒண்ணும் வரலைன்னா நானே சென்னைக்குப் போயிர்றேன்."

மேலே அடைக்கிற வால்வுக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்தி, ஜாக்கிரதையாக இழுத்தார்கள், இறக்கினார்கள், பம்ப்பைப் போட்டார்கள். எழுபது நிமிஷம். டீ வந்தது; யாரும் குடிக்கவில்லை. ஒச்சப்பன் மட்டும் இரண்டு குடித்தான். நானும் அவளும் மானிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் சரியாக வரவில்லை. வாயு வா என்று எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

அறுபதாவது நிமிஷம் 3. அறுபத்தைந்து, 3. அறுபத்தொன்பது, 4. ஒச்சப்பன், "நாலு!" என்றான், பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி.

பிறகு முள் கிளம்பியது பாருங்கள். 11. 26. 48. 64-இல் போய் நின்று ஆடியது. மெல்லத் திரும்பி 5-க்கு வந்தது. சேறு ஒரு பொட்டுக்கூடப் பொங்கவில்லை, 1.29 பிடித்துக்கொண்டு நின்றது.

ஞானசிகாமணி சார் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவினார். அவர் தலையில் வியர்வையைத் தவிர ஒன்றும் இல்லை. "காலையில இளக்கியிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "கீழ அழுத்தத்தை வச்சுக்கிட்டு மூணு நாளா ஒரு அப்பன் மூடி போட்டு உக்காந்திருக்கான்யா!" என்றார். சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, அதே முகத்தோடு, "தராசை வச்சிட்டுப் போங்க சாத்தையா. நாளைக்கு மெமோ வரும்" என்றார்.

"நூத்துப் பதினஞ்சு மூட்டையைக் கூட்டிப் போட்டா என் கோடும் கிணறும் ஒண்ணாப் போகுது சார். பன்னெண்டு மீட்டர்தான் வித்தியாசம்" என்று இலக்கியா நீட்டிய தாளை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "உக்காருங்க மேடம்" என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினோரு கிணறு பார்த்தவர்.

நாலு பக்கமும் ஆள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "அண்ணே, மகளையே மேடம்னு கூப்பிட்ட மொத அப்பன் நீதாண்ணே" என்றான் ஒச்சப்பன்.

அவள் மட்டும் என் பக்கம் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

மெமோ வந்தது. பொய்யாக எழுதியது, விதி மீறியது, இரண்டு பத்தி. நியாயம்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மேல்மூட்டை இனி எந்தத் தொட்டியிலும் கிடையாது என்று பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் வழக்கத்தை நானே கொன்றேன்.

2,640-ஓடு நிறுத்தி இரும்புக் குழாய் இறக்கிச் சிமென்ட் போடுகிறார்கள். இனி மேலே இருக்கிற பாறை பிளக்கும் என்ற பயம் இல்லை. கனத்தை ஏற்றிக்கொண்டு கீழே போகலாம். அடுத்த மூன்று கிணறுக்கும் அவளே நம்பர் போட வேண்டும் என்று சார் எழுதி அனுப்பியிருக்கிறார்.

பஞ்சவர்ணம் போனில் முழுக் கதையும் கேட்டுவிட்டு, "மூட்டையைக்கூட எண்ணத் தெரியாத மனுஷன்கிட்டயா இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துனேன்?" என்றாள். எண்ணத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

மகள் இன்னும் பேசவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அவள் சென்னைக்குக் கிளம்பினாள். ஜீப்புக்காகக் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு ஒரு மாதிரி இறக்கை முளைத்ததுபோல் இருந்தது. செக்யூரிட்டி கூட, "அப்பாவும் மகளுமா? நிக்கிறதைப் பாத்தாலே தெரியுதே" என்றார். பன்னிரண்டு நாளாக அவர் கண்ணெதிரேதான் நின்றோம்.

"அப்பா" என்றாள்.

இத்தனை நாளும் அண்ணே அண்ணே என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இளித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்குறேன், சிரிக்காமச் சொல்லுங்க. பத்துக்கு ஒண்ணு வழக்கம், சரி. மீதி எழுபத்திரண்டு மூட்டை எதுக்கு? நான் போட்ட கணக்கு தப்பாத்தான் போகும்னு நினைச்சீங்களா? என்மேல நம்பிக்கை இல்லையாப்பா?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எவ்வளவு நாள் யோசித்து வைத்திருந்தாளோ.

"சேச்சே, கை பழக்கம்மா" என்றேன். "அப்பனுக்கு எண்ண வராதுன்னு உங்கம்மாவே சொல்றா."

அவள் சிரித்துவிட்டாள். என் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜீப் வந்தது. ஏறி உட்கார்ந்து, வளைவில் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன். புழுதி அடங்கின பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டியிருக்கிறேன் என்று செக்யூரிட்டி சொன்னார்.

அவளிடம் சொல்லாதது இதுதான். நாற்பது பேரில் 2,610 என்ற எண்ணை முதல் நாளே அப்படியே நம்பியவன் நான் ஒருவன். நம்பியதால்தான், அந்தக் குழியிலிருந்து முப்பது அடியில் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இன்னொரு மூட்டையைப் பிரித்தேன்.